மாற்றூரில் யாரும் போவதில்லை

முனைவர் பட்ட ஆய்வாளர்களில் இரண்டு வகை உண்டு. முடித்துவிட்டுப் போகிறவர்கள், போகாமலே இருக்கிறவர்கள். எங்கள் நகர, வட்டாரத் திட்டமிடல் துறையில் இரண்டாவது வகைக்கு நான்தான் மூத்த பிரதிநிதி. எனக்கு எட்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீன்காரர் என்னைப் பேராசிரியர் என்றே நினைத்திருந்தார், நானும் திருத்தவில்லை.

என் ஆய்வு பேருந்து நிறுத்தங்களைப் பற்றியது. திருச்சியில் மக்கள் எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். "பஸ் ஸ்டாப்புல நிக்கிறதுக்கு எங்க காசிமுக்கு டாக்டர் பட்டம் குடுக்கப் போறாங்க" என்று உம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அது கேலியா பெருமையா என்று நான் கேட்டதில்லை. வேலை நன்றாகத்தான் போனது, வாய்க்கால்மேடு நிறுத்தத்தில் மட்டும் கூட்டல் ஒத்துவரவில்லை. அங்கே கம்பத்தில் இருக்கும் கருவி தலைகளை எண்ணும், முகங்களைப் பார்க்காது. தினமும் சாயங்காலம் வந்து நின்றவர்கள், பஸ் ஏறியவர்களைவிட ஒருவர் அதிகமாக இருந்தார்கள். யாரோ ஒருவர் வருகிறார், நிற்கிறார், எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய யாரையும் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை. கருவியை மாற்றிப் பார்த்தோம், அந்த ஆள் போகவில்லை. கருவிக் கோளாறு என்று எழுதித் தள்ளிவிடு என்றார் பேராசிரியர் அருள்தாஸ். தள்ளி ஓரமாக வைத்திருந்தேன்.

எனக்கு அடுத்த மேசை தமயந்தியுடையது. துறையூர்ப் பெண், என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், மதியம் தயிர்சாதத்தை இரண்டு பங்காக வைத்து ஒன்றை என் பக்கம் தள்ளுவாள். அவள் முதல் வகை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள், வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அரசு வாரியம் ஒன்றில் திட்ட அலுவலர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் கைக்கு வந்ததும் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அவள் ஆய்வு மாற்றூரைப் பற்றியது. மாற்றூர் என்பது கணினிக்குள் இருக்கும் இன்னொரு திருச்சி. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செய்து கொடுத்தது. சம்மதம் கொடுத்த வீடுகளில் ஆறு மாதம் ஒரு சின்னக் கருவி உட்கார்ந்து பேச்சைக் கேட்கும். அதிலிருந்து வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் பிறக்கும். நகல் உங்களைப் போலவே பேசும், உங்களைப் போலவே சலித்துக்கொள்ளும், நீங்கள் ஏறும் பஸ்ஸில் ஏறும். ஒரு பாலம் கட்டினால் ஊர் என்னாகும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் மாற்றூரில் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதுவரைக்கும் நல்ல காரியம்தான். கட்டிவிட்டு எதற்குக் கட்டினோம் என்று யோசிக்கும் பழக்கம் ஓரளவு குறைந்தது.

பிறகுதான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் பந்தல், மைக், கூச்சல், தள்ளுமுள்ளு. எதற்கு இவ்வளவு பாடு? நகல்களிடமே கேட்டுவிடலாமே. அதற்கு ஒரு சட்டமும் வந்தது. நகல் சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரி. அந்தச் சட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வுகளில் தமயந்தியின் கட்டுரைகளும் இருந்தன. ஒரே கேள்விக்கு ஆளும் நகலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் ஆயிரக்கணக்கான பேரை வைத்து நிரூபித்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாற்றூர் ஒவ்வொரு திட்டத்துக்கும் இழப்பு எண் என்று ஒன்றைச் சொல்லும். இந்தத் திட்டத்தால் எத்தனை பேர் தங்கள் இடத்தை இழக்கிறார்கள் என்பதற்கான எண் அது. திருச்சியில் எந்தத் திட்டத்துக்கும் அது பூஜ்யத்தைத் தாண்டியதில்லை. யாரையும் வெளியேற்றாத நகரம் என்று ஏதோ ஒரு நாட்டில் நமக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். நாங்களும் கைதட்டினோம்.

பவுனம்மா எங்கள் துறைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஐம்பதை நெருங்கும் வயது, வாழை இலை வியாபாரம். விடியும் முன்பே மார்க்கெட்டில் இலைக்கட்டு எடுத்து, மெஸ்ஸுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போடுகிறவர். விரல் நுனியெல்லாம் வாழைக் கறை. வாய்க்கால் அகலப்படுத்தும் வாரியம் அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. வாய்க்கால்மேடு தெரு முழுவதும் காலி செய்யப்படும், துவாக்குடி தாண்டி அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு தரப்படும், கருத்துக் கேட்பில் தாங்கள் எதிர்ப்பு தெரிவிக்கவில்லை என்று அதில் இருந்தது. அங்கிருந்து முதல் பஸ் கிளம்பும் நேரத்துக்கு மார்க்கெட்டில் இலை ஏலமே முடிந்திருக்கும் என்றார். பல்கலைக்கழகத்தில்தான் இதற்குப் பதில் தெரியும் என்று வாரியத்தில் கைகாட்டியிருக்கிறார்கள்.

"நான் எந்தக் கூட்டத்துக்கும் போவல பாப்பா. எனக்குப் பதிலா யாரு போனாங்கன்னு தெரியணும். அவ்ளோதான்."

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, நகல் என்றால் என்னவென்று பொறுமையாகச் சொன்னாள். வீட்டில் இன்னும் யார் யார் என்று கேட்டாள். தான் மட்டும்தான் என்றார் பவுனம்மா. மகள் கல்யாணமாகிக் கரூரில் இருக்கிறாள். வீட்டுக்காரர் மருதையன் போன வருடம் தவறிவிட்டார், கருவி வீட்டில் இருந்த ஆறு மாதமும் அவர் உயிரோடு இருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கேயே முடிந்துவிட்டார். இதைச் சொல்லும்போது பவுனம்மா முந்தானை முனையால் மேசையில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாற்றூரில் நடந்த கருத்துக் கேட்பின் ஒலிப்பதிவைத் தமயந்தி எடுத்துப் போட்டாள். வாரியத்தின் குரல் திட்டத்தைச் சொன்னது. பிறகு பவுனம்மாவின் நகல் பேசியது. வாய்க்கால் நாறுகிறது, தூர் வாருவது நல்லதுதான், ஆனால் இலை வியாபாரத்தை எங்கே வைத்துப் பார்ப்பது, அவ்வளவு தூரம் கட்டுப்படியாகாது என்று நியாயமாகத்தான் பேசியது. அரசாங்கம் முடிவு செய்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று குரல் கேட்டது. நகல் பதில் சொன்னது.

"என்னத்தச் செய்யிறது. சரிங்க, போயிட்டு வர்றோம்."

பவுனம்மா சிரித்துவிட்டார். தன்னைப் போலவே பேசுகிறாள், இழுப்புகூட அதே இழுப்பு என்றார். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தமயந்தி கேட்டாள். இதையேதான் சொல்லியிருப்பேன் என்றார். அப்படியானால் தப்பு ஒன்றும் இல்லையே என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது, அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். தன் பேச்சைத் தானே கேட்டுவிட்ட பிறகு யாரிடம் போய்ச் சண்டை போடுவது. எழுந்தார்.

"சரி பாப்பா, போயிட்டு வர்றேன்."

அவர் படியிறங்கிப் போகும்வரை தமயந்தி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்தக்கா திரும்பி இங்க வருவாங்களா?"

"எதுக்கு வரணும்? வந்த வேலை முடிஞ்சுபோச்சே."

"அப்புறம் ஏன் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறாங்க?"

"வேற என்னம்மா சொல்லுவாங்க? போறேன்னா சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. தமயந்தியின் முகம் வெளிறிப்போயிருந்தது. மாற்றூர் ஒருவரைப் பற்றிய எல்லாவற்றையும் அவர் பேச்சிலிருந்துதான் எடுக்கிறது. காகிதங்கள் பொய் சொல்லும், மக்கள் வாய் பொய் சொல்லாது என்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்லும் சொல்லை வைத்துத்தான் அவர் திரும்புவாரா மாட்டாரா என்று அது முடிவு செய்கிறது. கிளம்புகிறவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும் ஊரில் அது சரியாக வேலை செய்யும். இங்கே யார் அப்படிச் சொல்கிறார்கள்? கடைக்குப் போகிறவரும் போயிட்டு வர்றேன் என்கிறார், கப்பல் ஏறுகிறவரும் போயிட்டு வர்றேன் என்கிறார். வாய்க்கால்மேட்டில் ஒவ்வொரு நகலும் அதைத்தான் சொல்லியிருந்தது. மாற்றூர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தெரு ஜனம் மொத்தமும் காலையில் துவாக்குடிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறது, ஆகவே இழப்பு பூஜ்யம்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, முன்பு ஒரு பாலத்துக்காகக் காலி செய்த தெருவை மாற்றூரில் திறந்து பார்த்தோம். இடித்த வீடுகளுக்கு எல்லோரும் சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பூருக்குப் போன பையன் பொழுது சாய்ந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகிப் போன பெண்கள் அம்மா வீட்டு அடுப்படியில் நின்றார்கள். முதலில் சிரித்தோம். மாற்றூரில் ஒரு மனிதர்கூட இதுவரை ஊரைவிட்டுப் போனதில்லை. பிறகு தமயந்தி பவுனம்மாவின் வீட்டைத் திறந்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்கால பஸ் வாய்க்கால்மேடு நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. பவுனம்மாவின் நகல் காலி இலைச் சாக்குகளோடு அங்கே காத்திருக்கிறது. பஸ்ஸிலிருந்து மருதையன் இறங்குகிறார்.

அன்று சாப்பாட்டு டப்பாவைத் தமயந்தி திறக்கவே இல்லை.

மறுநாள் பேராசிரியர் அருள்தாஸிடம் போனோம். நல்ல மனிதர், எங்களுக்காக எத்தனையோ பேரிடம் சண்டை போட்டவர். முழுதாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார். இன்னும் பதினைந்து நாளில் வாய்மொழித் தேர்வு, அதை முடித்துக்கொள், பட்டம் வாங்கிய பிறகு இதே விஷயத்தை நீயே கட்டுரையாக எழுது, டாக்டர் தமயந்தி சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானாக இருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

"அதுக்குள்ள தெருவ இடிச்சிருவாங்க சார். நான் எழுதுன அத்தியாயத்தக் காட்டித்தான் இடிப்பாங்க" என்றாள் தமயந்தி.

அவர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுக்காக இருந்த வேலை அவ்வளவு நாள் காத்திருக்காது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். வெளியே வந்ததும் வராந்தா குழாயில் அவள் முகம் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். எட்டு வருடமாகப் பட்டம் வாங்காமல் இருப்பது வேறு, வாசலில் வந்து நிற்கும் பட்டத்தைத் திருப்பி அனுப்புவது வேறு.

வாய்க்கால் வாரியத்தில் போய்ச் சொன்னபோது ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். ஆணை வெளியாக இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் திருத்திய கணக்கு வந்தால் பார்க்கிறோம் என்றார்கள். திருத்துவதில்தான் வம்பு. மாற்றூரில் ஒரு நகலின் குணத்தை வெளியாள் யாரும் தொடக்கூடாது என்பது விதி. நகலுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அந்த நகலுக்கு உரியவர்தான், அவர் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர், தன் குரலில் சொல்ல வேண்டும். அதாவது, போயிட்டு வர்றேன் என்பது வேறு, போகிறேன் என்பது வேறு என்று வாய்க்கால்மேட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போகிறேன் என்ற அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும்.

முதலில் பவுனம்மாவிடம் பேச வேண்டும் என்றாள் தமயந்தி. மருதையன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடு என்றேன் நான். தெரியாத ஒன்றுக்காக யாரும் அழப்போவதில்லை, எதற்குப் புண்ணைக் கிளற வேண்டும்? அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவங்ககிட்ட கேக்காம அவங்களுக்கு ஒண்ணு செஞ்சதுலதானே அண்ணே இவ்வளவும் வந்துச்சு என்றாள்.

பவுனம்மா வந்தார். தமயந்தி மூடி மறைக்காமல் சொன்னாள். காட்டு என்றார் அவர். திரையில் பஸ் வந்து நின்றது, மருதையன் இறங்கினார். கட்டம் போட்ட சட்டை, கையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கு. துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை, தினமும் அந்த பஸ்ஸில்தான் வருவார், இலை போட்டுவிட்டு வந்து நிற்பேன், சேர்ந்து வீட்டுக்கு நடப்போம் என்றார் பவுனம்மா. நகல் பவுனம்மா கையிலிருந்த சாக்குகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார் அந்த மனிதர். ஏதோ சொன்னார், இருவரும் தெருவுக்குள் திரும்பினார்கள்.

"தெனமும் வர்றாரா?"

"தெனமும் வர்றாருக்கா."

"நெஞ்சு வலின்னு ஏதும் சொல்றாரா?"

இல்லை என்றாள் தமயந்தி. பவுனம்மா இன்னொரு தரம் பார்க்கக் கேட்டார், பார்த்தார். கணக்கைத் திருத்தினால் இவர் என்னாவார் என்று கேட்டார். யாருக்குமே அதைச் சொல்லும் வேலை வரக்கூடாது.

"வரமாட்டாருக்கா. பஸ் வரும், அவரு இறங்கமாட்டாரு. உங்களுக்கு வேண்டாம்னா நான் இதச் செய்யல. வேற வழி தேடுறேன்."

வேறு வழி எதுவும் இல்லை என்று பவுனம்மாவுக்குத் தெரிந்தே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். அன்று வாசலில் அவர் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால்மேட்டு ரேஷன் கடை முன்னால் தெருவே கூடியிருந்தது. தமயந்தி பதிவுக் கருவியை ஒரு ஸ்டூலில் வைத்து, விஷயத்தை விளக்கினாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தக் கருவியைப் பார்த்தே நாலு பேர் பின்னால் நகர்ந்தார்கள். தெரு சங்கச் செயலாளர் துரைக்கண்ணு, ஆட்டோ ஓட்டுகிறவன், எதற்கும் முன்னால் நிற்கிற ஆள். அவனே தயங்கினான்.

"கேஸ் போடச் சொல்லுங்க, போடுறோம். மறியலா, உக்கார்றோம். அந்தச் சொல்ல மட்டும் சொல்லச் சொல்லாதீங்க மேடம். பச்சப்புள்ளைங்க இருக்கிற தெரு இது."

வேறு மாதிரி சொல்லலாமா என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. எழுதிக் கொடுக்கிறோம் என்றார்கள், தலையை ஆட்டுகிறோம் என்றார்கள். மாடியில் இருந்த ஒரு பெண், ஆடு மாடு பெயரில் சொல்லலாமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வீடே போகப்போகிறது, ஒரு சொல்லுக்குப் பயப்படுகிறார்களே என்று. ஆனால் மனதுக்குள் நானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். ஊரில் இருக்கும் உம்மாவை நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு அவர்களை ஒன்றும் நினைக்கவில்லை.

பவுனம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்றார். இலை கட்டும் நார் இன்னும் இடுப்பில் செருகியிருந்தது.

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப போயிட்டு வர்றேன்னுதான் சொன்னாரு. அது பொய்யில்ல, வரணும்னுதான் சொன்னாரு. ஆனா வரல." குரல் உடையவில்லை. "அவரு போயிட்டாரு. இந்தத் தெருவ விட்டு எங்களக் கெளப்புனா நாங்களும் வரமாட்டோம். என் யாவாரம் வராது, இந்த சனம் ஒண்ணா வராது. நான் போறேன். போறோம்."

அவ்வளவு பேர் நின்ற இடத்தில் வாய்க்கால் தண்ணீர் ஓடுவது கேட்டது. பிறகு துரைக்கண்ணு வந்தான். சொல்லிவிட்டு நேரே குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தான். அடுத்து ஒரு பெண் சொன்னாள், சொல்லிவிட்டுத் தன் குழந்தையின் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சொன்னவர்களும் உண்டு. தமயந்தி கருவியைப் பார்ப்பதுபோலக் குனிந்தே இருந்தாள், அழுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கெடு முடியும் நாள் வந்தது. புதிய பாடத்தை நகல்கள் எடுத்துக்கொண்டனவா என்று பார்த்துவிட்டு, அன்று மாலைக்குள் கணக்கை அனுப்ப வேண்டும். பவுனம்மாவும் வந்திருந்தார், யாரும் கூப்பிடவில்லை. தமயந்தி அதே கேள்வியை வாரியத்தின் அதே குரலில் கேட்க வைத்தாள். இந்த முறை நகல்கள் போகிறோம் என்றன. மாற்றூரில் முதன்முறையாக மனிதர்கள் போனார்கள். சிங்கப்பூர்ப் பையனின் டீக்கடை பெஞ்சு மட்டும் மாறவில்லை, அவன் வேறு தெரு. வாய்க்கால்மேட்டில் வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மெஸ்ஸுகளில் இலையை விட்டுத் தட்டுக்கு மாறினார்கள், சந்தையில் ஒரு வரிசை காலியானது, தெரு பல இடங்களுக்குச் சிதறியது. பூஜ்யமாகவே கிடந்த எண் ஏறத் தொடங்கியது. சரியாக வேலை செய்கிறது என்று நான் மூச்சு விட்டேன்.

ஆணைக்கு முந்தைய ஒரு சாதாரண நாளையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் தமயந்தி. சாயங்கால பஸ் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். மருதையன் இறங்கவில்லை. பவுனம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார். பஸ் கிளம்பிப் போனது.

நிறுத்தத்தில் பவுனம்மாவின் நகல் நின்றுகொண்டிருந்தது.

தமயந்தி பதறிவிட்டாள். மறுநாளை ஓட்டினாள், அதற்கடுத்த நாளை ஓட்டினாள். ஒவ்வொரு சாயங்காலமும் நகல் வந்து நின்றது, பஸ் போனதும் கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக வீட்டுக்குத் திரும்பியது. நகல் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் அவரை எதிர்பார்க்கிறது, இந்த ஒன்று தப்பென்றால் எல்லாமே தப்பு, இதை எப்படி அனுப்புவது என்றாள். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று நகலிடம் கேட்டாள். அவர் போயிட்டாரும்மா என்றது நகல், தெளிவாக. அப்புறம் ஏன் அங்கே நிற்கிறது என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

"அது சரியாத்தான் இருக்கு பாப்பா" என்றார் பவுனம்மா. "நானும் தெனம் நிக்கிறேன்ல."

தமயந்தி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"வரமாட்டாருன்னு தெரியும். அந்த நேரத்துக்கு வேற எங்க போயி நிக்கிறதுன்னு தெரியல. பஸ்ஸு போனதும் நானும் போயிருவேன்." பிறகு, தன்னால் ஏதும் கெட்டுவிட்டதோ என்பதுபோலக் கேட்டார். "துவாக்குடிக்குப் போனா அந்த எடம் இருக்காதுல்ல. அதையும் கணக்குல போட்டுருக்கா இது?"

தமயந்தி பார்த்தாள். போட்டிருந்தது. அன்று மாலை கணக்கை அப்படியே அனுப்பினோம்.

வாரியம் ஆணையை நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் வாய்க்கால்மேட்டில் பழைய மாதிரியே பந்தல் போட்டு, மைக் கட்டி, ஆட்களை வைத்தே கருத்துக் கேட்டார்கள். தள்ளுமுள்ளு நடந்தது, நாற்காலிகள் உடைந்தன, துரைக்கண்ணுவின் சட்டை கிழிந்தது. வாய்க்காலை எதிர்க்கரைப் பக்கம் அகலப்படுத்த முடியுமா என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. தமயந்திக்கு வரவேண்டிய வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அவள் ஆய்வேட்டை முதலிலிருந்து எழுதுகிறாள். அவளும் இப்போது இரண்டாவது வகைதான். மதியம் தயிர்சாதத்தில் என் பங்கு குறையவில்லை.

கணக்கை அனுப்பிய அன்று, எல்லோரும் போன பிறகு நான் என் மேசைக்கு வந்து, ஓரமாகத் தள்ளி வைத்திருந்ததை வெளியே எடுத்தேன். வாய்க்கால்மேடு நிறுத்தத்தின் கணக்கில் அந்த ஒருவரைத் திரும்பச் சேர்த்தேன். கூட்டல் மறுபடி ஒத்துவராமல் போனது, அப்படியே விட்டேன். பக்கத்தின் அடியில் மட்டும் ஒரு குறிப்பு எழுதினேன்: இவர் பேருந்துக்காக நிற்கவில்லை.